முதலாளி சாப்பிடவில்லை

பேச்சுவார்த்தை இல்லாத வீட்டில் முயல் வளர்க்கக் கூடாது. நாயாக இருந்தால் குரைத்துக் கலைத்துவிடும். பூனையாக இருந்தால் தன் வேலையைப் பார்த்துக்கொண்டு போய்விடும். முயல் வாயில்லாப் பிராணி. யார் வந்து எதைச் சொன்னாலும் காதைத் தூக்கி வைத்துக்கொண்டு கேட்கும். எங்கள் வீட்டில் வினையே அந்தக் காதால்தான் வந்தது.

கீழ்வீடு என் ஓரகத்திக்கு, மாடி எனக்கு. அவள் மூத்த மருமகள், நான் இளையவள். அவள் ரொட்டிக்கடையில் கல்லாவில் நிற்கிறாள். நான் மாடி முன்னறையில் மெஷின் போட்டுத் தைக்கிறேன். எங்கள் வீட்டுக்காரர்கள், அண்ணனும் தம்பியும், ஒரே சரக்குக் கிடங்கில் வேலை. ஒரே வண்டியில் போய் ஒரே வண்டியில் திரும்புவார்கள். உலகத்து நியாயமெல்லாம் பேசுவார்கள், எங்கள் சண்டை என்று வந்தால் மட்டும் இருவர் காதிலும் பஞ்சு.

சண்டை ஒன்றும் பெரியதில்லை, ஒரு திரைச்சீலை. அவள் முன்னறை ஜன்னலுக்குக் கேட்டாள், தைத்துக் கொடுத்தேன். அளவு எடுத்துக் கொடுத்தது அவள், வெட்டியது நான். மாட்டினால் ஒரு சாண் மேலே நிற்கிறது. வந்திருந்த விருந்தாளிகள் முன்னால், துணியில் மிச்சம் பிடிப்பது தையல்காரர்களுக்குக் கைவந்த கலைதானே என்று சிரித்துக்கொண்டே சொன்னாள். கோபமாகச் சொல்லியிருந்தால்கூட மறந்திருப்பேன், சிரித்ததுதான் பொறுக்கவில்லை. அளவைத் தப்பாகக் கொடுத்தது நீங்கள்தானே என்று நான் கேட்க, அளக்கக்கூடத் தெரியாதவளா நான் என்று அவள் கேட்க, அன்றோடு பேச்சு அறுந்தது. தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று இரண்டு பேரும் நின்றோம்.

இந்த முயலைப் பிடித்து வந்தவர் மாமா, எங்கள் மாமனார். வாழ்நாளெல்லாம் லேத் பட்டறையில் இரும்பு கடைந்தவர். அந்த இரைச்சலில் காது போய்விட்டது. அவரிடம் ஒன்று சொல்ல வேண்டுமானால் கத்த வேண்டும். கத்தினால் திட்டுவது போல இருக்கும். அதனால் எல்லோரும் அவரிடம் பேச்சைக் குறைத்துக்கொண்டோம், அவரும் குறைத்துக்கொண்டார். ஓய்வு பெற்ற பிறகு ஒருநாள் சாம்பல் நிறத்தில் ஒரு முயலைச் சட்டைக்குள் வைத்துக் கொண்டுவந்தார். இதற்குக் கத்திச் சொல்ல வேண்டியது ஒன்றுமில்லை என்றார். பெயர் முதலாளி. இருந்த இடத்தைவிட்டு அசையாது, சுற்றி இருப்பவர்கள் வேலை செய்ய வேண்டும், சாப்பாடு தாமதமானால் பின்னங்காலால் தரையை ஓங்கி உதைக்கும். வேறென்ன பெயர் வைப்பது?

அதன் கூண்டு மாடிப்படிக்கு அடியில் இருந்தது. அது எனக்கும் இல்லை, அவளுக்கும் இல்லை, பொது இடம். பேச்சு அறுந்தவர்கள் ஒரே வாசலில் நடமாடினால் என்ன செய்வார்கள்? ஜாடை பேசுவார்கள். மகளுக்குச் சொல்வது போல மருமகளுக்குச் சொல்வார்களே, அந்த வித்தைதான். எங்கள் நாத்தனார் கல்யாணமாகி வேறு ஊருக்குப் போய்விட்டாள். கையில் அகப்பட்டது முதலாளி.

படியைக் கூட்டிக்கொண்டே அவள் சொல்வாள், முதலாளி நீ தேவலை, கடகடவென்று மெஷினை ஓட்டி யார் தலையையும் இடிக்கிறதில்லை என்று. நான் மேலே இருந்து இறங்கும்போது சொல்வேன், முதலாளி, உன் வால்கூட அளவோடுதான் இருக்கிறது, சில பேருக்கு அளவே தெரியாது என்று. முதலாளி இரண்டு பக்கமும் காதைத் திருப்பும். சத்தியமாகச் சொல்கிறேன், அதற்குப் புரியும் என்றே எனக்குத் தோன்றும். எங்கள் இருவருக்கும் நடுவில் இருந்தும் அது எப்படிப் பைத்தியம் பிடிக்காமல் இருந்தது என்பதுதான் ஆச்சரியம்.

மாமாவுக்குக் கண்ணில் புரை வந்து, அறுவை சிகிச்சைக்காக நாத்தனார் வீட்டுக்குப் புறப்பட்டார். போகும்போது எங்கள் இரண்டு பேரையும் படிக்கட்டு முன்னால் நிற்கவைத்தார். காய்ந்த புல் எந்நேரமும் கூண்டில் இருக்க வேண்டும், அதுதான் இதற்குச் சாப்பாடு, கீரை காய் எல்லாம் கொசுறு என்றார். கொசுறு எவ்வளவு என்று கையைக் குவித்துக் காட்டினார். "ரெண்டு பேருக்கும் பொதுவா விட்டுட்டுப் போறேன். பாத்துக்குங்க" என்றார். பொது என்றார் பாருங்கள், அங்கேதான் பிடித்தது சனி.

மறுநாள் காலையில் இறங்கிப் பார்க்கிறேன், கிண்ணம் காலி. அவள் எங்கே போட்டிருக்கப் போகிறாள், அவளுக்கு உதட்டுச் சாயம் பூசவே நேரம் போதாது என்று முணுமுணுத்துக்கொண்டு ஒரு காரட்டை நறுக்கிப் போட்டேன், கூடவே ஒரு வாழைப்பழம். முதலாளி கண்ணை மூடிக்கொண்டு தின்றது. சாயங்காலம் அவள் வேலையிலிருந்து வந்து கூண்டு முன்னால் நின்று சொல்கிறாள், அய்யோ பாவம், நாளெல்லாம் வீட்டிலேயே இருப்பவர்கள் உனக்கு ஒரு வாய் போட மாட்டார்களா என்று. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கொத்துக் கொத்தாகப் போட்டதைத் தின்றுவிட்டு எதுவுமே தெரியாதது போல உட்கார்ந்திருக்கிறது, இவள் என்னைப் பட்டினி போட்டவள் ஆக்குகிறாள். அடுத்த நாள் இரண்டு வாழைப்பழம் போட்டேன். வெறுமனே போடவில்லை, அவள் கதவு திறந்திருக்கும் நேரம் பார்த்து, தோலை உரிக்கும் சத்தம் கேட்கும்படி போட்டேன்.

காய்ந்த புல்லை இரண்டு பேரும் தொடவில்லை. அதைப் போடுவதில் என்ன பெருமை இருக்கிறது? மூட்டை கட்டியபடி படிக்கட்டு மூலையில் கிடந்தது.

மத்தியானங்களில் படிக்கட்டடியில் புழுக்கமாக இருக்கும் என்று முதலாளியை மாடிக்குத் தூக்கிவந்து மெஷினுக்கு அடியில் விடுவேன். அது என் மிதிபலகைக்குப் பக்கத்தில் கால் நீட்டிப் படுத்துக்கொள்ளும். இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், நான் அதைக் கவனிக்கவில்லை என்று யாரும் சொல்லக் கூடாது. வீட்டு மனிதர்களைவிட அதை நன்றாகத்தான் கவனித்தேன்.

மாமா திரும்புவதற்கு முந்தின நாள் காலையில் நாத்தனார் போனில் கூப்பிட்டாள். கட்டுப் பிரித்துவிட்டார்கள், கண் நன்றாகத் தெரிகிறது, வந்ததும் முதலில் முதலாளியைத்தான் பார்க்க வேண்டும் என்று குழந்தை போல நச்சரிக்கிறார் என்றாள். முதலாளிக்கென்ன, ராஜா மாதிரி இருக்கிறது என்று பெருமையாகச் சொல்லிவிட்டுக் கீழே இறங்கினேன். ராஜா மூலையில் முதுகைக் கூனிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. காரட்டை நீட்டினேன், மோந்துகூடப் பார்க்கவில்லை. பழத்தைக் காட்டினேன், முகத்தைத் திருப்பிக்கொண்டது. பல்லை மட்டும் நறநறவென்று கடித்தது. அடித்தட்டை இழுத்துப் பார்த்தேன், ஒரு புழுக்கைகூட இல்லை. முந்தின நாளும் தட்டு இப்படித்தான் சுத்தமாக இருந்தது. அவள் கூட்டியிருப்பாள், அதிசயம்தான் என்று அன்று நினைத்திருந்தேன். வயிற்றைத் தொட்டுப் பார்த்தேன், உப்பிப்போய் மத்தளம் மாதிரி இருந்தது.

கூடையில் இருந்த துணியைக் கொட்டிவிட்டு அதில் முதலாளியை வைத்துத் தூக்கிக்கொண்டு கால்நடை மருத்துவமனைக்கு ஓடினேன். டாக்டர் சின்ன வயதுப் பெண். வயிற்றை அமுக்கிப் பார்த்தாள், குழாயை வைத்துக் கேட்டாள், எக்ஸ்ரே எடுத்தாள். குடல் ஓடுவதை நிறுத்திவிட்டது என்றாள். முயலுக்கு வயிறு சும்மா இருக்கவே கூடாதாம், நின்றால் மறுநாளைப் பார்க்காதாம். படத்தில் வயிறு முழுக்க மந்தமாக ஏதோ அடைந்திருக்கிறது, என்ன போட்டீர்கள் என்று கேட்டாள். காரட், வாழைப்பழம் என்றேன். எவ்வளவு என்றாள். சொன்னேன். என்னை ஒரு பார்வை பார்த்தாள், அந்தப் பார்வைக்கே நான் பாதி செத்துவிட்டேன்.

"வேற யாராவது ஏதாவது போட்டாங்களா? இல்ல துணி, கயிறு எதையாவது கடிச்சுதா?"

துணி என்றதும் எனக்குத் திக்கென்றது. காலருக்குள் வைத்துத் தைக்க வெட்டி வைத்திருந்த கேன்வாஸில் ஒரு துண்டு குறைந்தது. இரண்டு நாளாகத் தேடிக்கொண்டிருந்தேன். டாக்டரிடம் சொன்னேன். அவள் பேனாவை வைத்துவிட்டு நிதானமாக விளக்கினாள். துணி போய் அடைத்திருந்தால் இன்றைக்கே வயிற்றை அறுத்து எடுக்க வேண்டும். ஆனால் இது வயதான முயல், மயக்க மருந்தைத் தாங்குவதே கஷ்டம். மாவுப்பண்டம் அதிகமாகிக் குடல் மந்தித்திருந்தால் அறுக்கவே வேண்டாம், மருந்திலேயே பார்க்கலாம். நான் சொல்லும் காரட்டும் பழமும் மட்டும் இப்படி வயிற்றைக் கல்லாக்குமா என்று அவளுக்குச் சந்தேகமாக இருந்தது. வீட்டில் இன்னொருவர் இருக்கிறார்கள் என்றால் அவர்களைக் கேளுங்கள், சீக்கிரம் கேளுங்கள், தெரியாமல் கத்தியை வைக்க எனக்கு மனசு வரவில்லை என்றாள்.

கேளுங்கள். எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டாள்! ஓரகத்தியிடம் நான் கேட்க வேண்டுமானால் முதலாளியிடம்தான் கேட்க வேண்டும். முதலாளி டாக்டரின் மேஜைமேல் கிடக்கிறது.

வீட்டுக்காரரைக் கூப்பிட்டு அவர் அண்ணன் மூலமாகக் கேட்கலாம் என்றால், கிடங்கில் வேலை நேரத்தில் போனைப் பெட்டியில் வாங்கிப் பூட்டிவிடுவார்கள். மானத்தை விட்டு அவளுக்கே அடித்தேன். எடுக்கவில்லை. எடுக்க மாட்டாள் என்று தெரியும், நானாக இருந்தாலும் என் பெயரைப் பார்த்ததும் எடுத்திருக்க மாட்டேன். மறுபடியும் அடித்தேன். போனையே அணைத்துவிட்டாள். நடுரோட்டில் நின்று அவளை எந்தெந்த வார்த்தையில் திட்டினேன் என்பதை எழுத முடியாது. திட்டிக்கொண்டே ரொட்டிக்கடைக்கு நடந்தேன்.

கடையில் நல்ல கூட்டம். சூடான ரொட்டி வந்து இறங்கும் நேரம். உள்ளே ஒருவன் தட்டுத் தட்டாக இறக்கிக்கொண்டிருந்தான், வெட்டும் மெஷின் ரொட்டியைத் துண்டு போட்டு ஓரங்களை ஒரு கூடையில் தள்ளிக்கொண்டிருந்தது. அவள் தலையில் வெள்ளைத் தொப்பி, கையில் உறை. கூட்டத்தை இடித்துக்கொண்டு போனால் நாலு பேர் சண்டைக்கு வருவார்கள் என்று வரிசையிலேயே நின்றேன். முதலாளி அங்கே பல்லைக் கடித்துக்கொண்டு கிடக்கிறது, எனக்கு முன்னால் நின்ற மனிதர் இனிப்பு பன்னா சாதா பன்னா என்று யோசித்துக்கொண்டிருக்கிறார். என் முறை வந்தது. அவள் நிமிர்ந்து பார்த்தாள். முகம் மாறவே இல்லை.

"என்ன வேணும்?" என்றாள். கல்லாவில் நிற்பவள், யார் வந்தாலும் அதைக் கேட்டுத்தான் ஆக வேண்டும். இத்தனை மாதம் கழித்து என்னிடம் நேராகச் சொன்ன முதல் வார்த்தை அது.

முதலாளிக்கு ரொட்டி போட்டீர்களா என்று கேட்டேன். காதில் விழாதது போல என் பின்னால் இருந்தவரைப் பார்த்து, அடுத்தவர் வாருங்கள் என்றாள். எனக்குக் கோபம் உச்சிக்கு ஏறியது. போடி நீயும் உன் ரொட்டியும் என்று திரும்பிவிடலாம் போல இருந்தது. அவளுக்கும் என்ன தெரியும்? குற்றம் சாட்ட வந்திருக்கிறாள் என்றுதானே நினைப்பாள்? நேற்று வரைக்கும் அதுதானே என் வேலை?

கல்லா மேஜையைப் பிடித்துக்கொண்டேன்.

"முதலாளி ஆஸ்பத்திரியில கெடக்கு. எங்கிட்ட ஒரு கேன்வாஸ் துண்டக் காணோம். அதத் தின்னிருந்தா வயித்த அறுக்கணும், அறுத்தா பிழைக்காது. நீங்க ரொட்டி போட்டிருந்தா அறுக்க வேணாம், மருந்தே போதும். அதனால கேக்கறேன். போட்டேன்னு சொல்லுங்க."

அவள் தப்புச் செய்திருக்க வேண்டும் என்று எத்தனையோ தடவை ஆசைப்பட்டிருக்கிறேன். அதற்காக வாய்விட்டுக் கெஞ்சியது அன்றைக்குத்தான்.

அவள் கை உறையைக் கழற்றினாள். வெட்டும் மெஷின் பக்கம் இருந்த கூடையைப் பார்த்தாள்.

"தெனமும் போட்டேன்" என்றாள். "ஓரமெல்லாம் ஒரு பை நெறய எடுத்துட்டுப் போவேன். நீ ஒண்ணும் போடறதில்லன்னு நெனச்சேன்."

"நான் போட்டேனே!"

"கிண்ணம் காலியாத்தானே கெடந்தது?"

"தின்னா காலியாகாதா?"

அப்போதுதான் விளங்கியது. காலையில் நான் போட்டதைத் தின்று அது கிண்ணத்தைக் காலி செய்திருக்கிறது, சாயங்காலம் காலிக் கிண்ணத்தைப் பார்த்து இவள் ரொட்டியைக் கொட்டியிருக்கிறாள், அதையும் தின்று அது காலி செய்ததை மறுநாள் காலையில் நான் பார்த்திருக்கிறேன். ஒரே வார்த்தை கேட்டிருந்தால் தெரிந்திருக்கும். சாப்பிட்டதா என்று ஒரு வார்த்தை. அந்த ஒரு வார்த்தையைக் கேட்க முடியாத கௌரவம் எங்களுக்கு. பின்னால் நின்ற அம்மாள், ஏன், முயலுக்கு ரொட்டி போடக் கூடாதா என்று கவலையாக விசாரித்தாள். கூடாது என்று இரண்டு பேரும் ஒரே நேரத்தில் எரிந்து விழுந்தோம்.

அங்கிருந்தே டாக்டருக்குப் போன் செய்தேன். என்னிடமிருந்து போனைப் பிடுங்கி அவளே சொன்னாள். எவ்வளவு, எத்தனை வேளை, பன்னும் உண்டா என்று டாக்டர் கேட்கக் கேட்க அவள் குரல் இறங்கிக்கொண்டே போனது. அறுக்க வேண்டாம், மருந்து ஏற்றிப் பார்க்கிறேன் என்று டாக்டர் சொன்னதாகச் சொல்லிவிட்டு, கல்லாச் சாவியை உள்ளே இருந்தவனிடம் எறிந்தாள். தொப்பியோடே என்னுடன் வந்தாள்.

மருத்துவமனைப் பெஞ்சில் நடுவில் ஓர் ஆள் உட்காரும் இடம் விட்டு உட்கார்ந்தோம். உள்ளே ஊசி போட்டார்கள், நீர் ஏற்றினார்கள், வயிற்றைத் தடவிக்கொண்டே இருந்தார்கள். இவளிடம் கேட்டிருக்கலாமே என்று என்மேல் வந்த கோபம், இவள் கேட்டிருக்கலாமே என்று அவள்மேல் போய், திரும்ப என்மேலேயே வந்து உட்கார்ந்தது. மாமா வந்து கூண்டைப் பார்த்துக் கேட்டால் என்ன சொல்வது என்று அவள் சுவரைப் பார்த்துச் சொன்னாள். எதைச் சொன்னாலும் அவருக்குக் கேட்கும்படி கத்தித்தான் சொல்ல வேண்டும். முயலுக்குப் போட்டி போட்டுச் சோறு போட்டுக் கொல்லப் பார்த்தோம் என்று தெருவுக்கே கேட்கும்படி கத்துவதை நினைத்துப் பார்த்தேன்.

வெயில் தாழ்ந்த பிறகு டாக்டர் கதவைத் திறந்து எங்களைக் கூப்பிட்டாள். ஒரு தட்டில் மிளகு அளவுக்கு ஏழெட்டுப் புழுக்கைகள். பவுன் நகையைப் பார்ப்பது போல இரண்டு பேரும் குனிந்து பார்த்தோம். குடல் ஓட ஆரம்பித்துவிட்டது, துணி எதுவும் இல்லை, இனி வீட்டுக்குக் கொண்டுபோகலாம் என்றாள். கரைத்த தீனியை ஊசியில்லாத சிரிஞ்சில் எடுத்துச் சில மணி நேரத்துக்கு ஒருமுறை வாயில் விட வேண்டும். தானாகப் புல் தின்னும் வரைக்கும் விட வேண்டும். இதைத் தனியாளாகச் செய்ய முடியாது, ஒருவர் பிடிக்க வேண்டும், ஒருவர் ஊட்ட வேண்டும். வீட்டில் இரண்டு பேர் இருக்கிறீர்கள்தானே என்று கேட்டாள். இருக்கிறோம் என்றாள் ஓரகத்தி.

அவள் முன்னறையில் மேஜைமேல் துண்டை விரித்து முதலாளியை வைத்தோம். அவள் பிடித்தாள், நான் சிரிஞ்சை எடுத்தேன். பிடிக்கிறாளா தடவிக்கொடுக்கிறாளா என்று தெரியவில்லை. முதலாளி திமிறியது, பின்னங்காலால் என் மணிக்கட்டைக் கீறியது, பாதித் தீனி அதன் மீசையிலும் பாதி என் சட்டையிலும் வழிந்தது. இரண்டாவது தடவையும் அப்படியே. காலையிலிருந்து அலைந்த அலைச்சலில் எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. பழக்க தோஷம், வாய் தானாகத் திறந்தது.

"முதலாளி, பிடிக்கத் தெரியாதவங்க கையில மாட்டிக்கிட்டு நீ படற பாடு..."

"அதுகிட்ட சொல்லாத" என்றாள் அவள். குரலில் கோபம் இல்லை, களைத்திருந்தாள். "அது பட்டதே போதும். நான் இங்கதானே நிக்கறேன். எங்கிட்ட சொல்லு."

நிமிர்ந்தேன். தொப்பி கோணலாகத் தலையில் இருந்தது. நெற்றியெல்லாம் வியர்வை. முதலாளியைப் பார்த்துச் சொல்வதற்கு எத்தனை மாதத்துப் பேச்சு சேர்த்து வைத்திருந்தேன், ஒவ்வொன்றும் ஊசி மாதிரி கூராகத் தீட்டி வைத்தது. முகத்தைப் பார்த்ததும் ஒன்றுகூட வரவில்லை. இப்படி வாயடைத்து நிற்கிறோமே என்று எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

முதலாளி மறுபடி பல்லைக் கடித்தது. அதற்கு நேரமாகிக்கொண்டிருந்தது.

"தலையக் கொஞ்சம் தூக்கிப் பிடிங்கக்கா" என்றேன்.

"இப்படியா?"

"இன்னும் கொஞ்சம்."

பிடித்தாள். கடைவாய்ப் பக்கமாகச் சிரிஞ்சை நுழைத்து மெல்ல அழுத்தினேன். முதலாளி ஒரு வாய் விழுங்கியது.